சக்கரத்துக்கு வைத்த கல்

நான்கு வருடமாக யாரும் பெருக்காத கொட்டகையில் எல்லாவற்றின் மேலும் தூசி ஏறியிருந்தது, அந்த ஒரு கல்லைத் தவிர. காரின் பின்சக்கரம் உருளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்த கல் அது. உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒரு பக்கம் உடைந்து தட்டையாக இருந்தது. கூரையில் ஒழுகல் இல்லை, தரை காய்ந்து வெடித்திருந்தது, மிளகு மூட்டைகளின் மேல் எலி ஓடிய தடம்கூடத் தூசியில் தெரிந்தது. கல் மட்டும் அப்போதுதான் கழுவி வைத்த மாதிரி ஈரமாக இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாற்ற வந்தபோதும் அது ஈரமாகத்தான் இருந்தது என்று சுரேந்தருக்கு ஞாபகம் வந்தது.

ஞாபகம் வந்ததே தவிர, நின்று யோசிக்க அவனுக்குப் பொறுமை இல்லை. கண்ணெல்லாம் காரின் மேல் இருந்தது.

சுரேந்தர் மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில், கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். இரண்டாயிரத்து இரண்டில் இந்தக் கார் புதிதாக வந்தபோது அதன் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டினான். பார்த்தால் சாதாரணச் சின்ன வண்டி, மளிகை வாங்கப் போகிற வண்டி. உள்ளே நூறு குதிரை. பெரிய வண்டிகள் மூச்சு வாங்கும் மேட்டில் இது மூன்றாவது கியரில் ஏறும் என்று எழுதியிருந்தார்கள். வாங்குகிற வசதி அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. ஆறு வருடத்தில் சுவரில் இருந்த சிவப்புக் கார் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது.

போன மாதம் மலைமேல் திண்ணனூர் நாட்டில் வெங்கிடுசாமி என்பவரின் மிளகுத் தோட்டத்துக்கு மோட்டார் மாட்ட வந்தவன், வயர் தேடிக் கொட்டகைக்குள் நுழைந்தபோது அதே காரைச் சாக்குப் படுதாவுக்கு அடியில் பார்த்தான். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. முழுக்கப் பிரித்து, துரு எடுத்து, ஒவ்வொரு போல்ட்டாகத் தன் கையால் மாட்டி, ஒரே வருடத்தில் புதுசாக்கிக் காட்டுகிறேன் என்று மனைவி ஹேமலதாவிடம் சொன்னான்.

"நம்மூட்டு மிக்ஸி ஆறு மாசமா பிரிச்ச மேனிக்குக் கெடக்குது. மொதல்ல அதைய மாட்டுங்க" என்றாள் அவள்.

அதனால்தான் இந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை பேட்டரியையும் பெட்ரோல் கேனையும் தூக்கிக்கொண்டு தனியாக பஸ் ஏறி வந்திருந்தான்.

வெங்கிடுசாமி கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். கீழிருந்து வந்து மலையில் நிலம் வாங்கியவர், அதிகம் பேசாதவர். அவரிடம் சுரேந்தருக்கு விநோதமாகப் பட்டது அவருடைய வலது கால்தான். உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அந்தப் பாதம் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது, தொடை நடுங்கும் அளவுக்கு அழுத்தம். வலது செருப்பின் முன்பக்கம் மட்டும் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. வாத நோயாக இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஆர்.சி. புத்தகத்தை அவன் பிரித்துப் பார்த்தான். கோகுல்நாத் என்று பெயர் இருந்தது.

"உங்க பையனுங்களா?"

"ஆமாங்க."

"இப்ப எங்கீங்க இருக்காரு?"

"இங்கதானுங்க."

சுரேந்தர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கதவு சாத்தியிருந்தது. தோட்டத்தில் இருப்பான் போல என்று விட்டுவிட்டான்.

"அம்மாவைக் காணமுங்க?"

"மயிலாத்தா செம்மேட்டுச் சந்தைக்குப் போயிருக்கறா. மூணு மணி பஸ்ஸுக்கு வந்துருவா. நீங்க அதுக்குள்ள கெளம்பிருங்க."

இரண்டு ஞாயிறும் அந்த அம்மாள் சந்தைக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் இவர் வரச்சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மகனுடைய வண்டியை விற்பது தாய்க்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. அடுத்தவர் வீட்டுச் சண்டை நமக்கெதற்கு என்று பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினான். இரண்டு முறை முனகியது. மூன்றாவது முறை மொத்தக் கொட்டகையும் அதிர என்ஜின் உயிர் பெற்றது, கூரையிலிருந்து தூசி கொட்டியது. சுரேந்தருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசியால் மட்டும் இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. பேட்டரி விளக்கு அணையாமல் எரிந்தது. ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் பிடிப்பே இல்லை. நிறுத்தி முதல் கியரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் 'டொக்' என்று நழுவி வெளியே வந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டிய வண்டிக்கு இது நல்ல சகுனம் இல்லை, ஆனால் கால் பிரேக் நன்றாகப் பிடித்தது. வழியில் எங்காவது நிறுத்தினால் முட்டுக் கொடுக்க ஒரு கல் இருந்தால் போதும்.

அவன் குனிந்து அந்த ஈரக் கல்லை எடுத்தான். அளவுக்கு மீறிக் கனத்தது.

"ஏனுங்க, இந்தக் கல்லை எடுத்துக்கட்டுங்களா? ஹேண்ட் பிரேக் சுத்தமா புடிக்கறதில்லீங்க."

வெங்கிடுசாமி கல்லைப் பார்த்தார். பிறகு பஸ் வரும் பாதையைப் பார்த்தார். தரையை அழுத்திக்கொண்டிருந்த அவருடைய கால், சுரேந்தர் பார்த்து முதல் முறையாக, தளர்ந்து ஓய்ந்தது.

"நானாக் குடுக்கலீங்க. நீங்களாக் கேட்டு எடுக்கறீங்க. அப்படித்தானுங்களே?"

"ஆமாங்க" என்றான் சுரேந்தர், சிரித்துக்கொண்டே. ஒரு கல்லுக்கு இத்தனை பேச்சா என்று இருந்தது.

"அப்ப எடுத்துக்குங்க" என்றார். சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சுரேந்தர் கல்லைப் பின்சீட்டில் வைத்து வண்டியைக் கிளப்பியதைப் பார்க்கக்கூட அவர் வெளியே வரவில்லை.

முட்டுக்கல் சுரேந்தருக்குப் புதிசில்லை. அவன் வீட்டு வாசல் ரோட்டைவிட ஆளுயரம் மேலே இருக்கிறது, செம்மண் சரிவில் ஏற்றித்தான் எந்த வண்டியையும் நிறுத்த வேண்டும். அவனுடைய பழைய கூட்ஸ் ஆட்டோவிலும் ஹேண்ட் பிரேக் பெயருக்குத்தான். அவன் ஏற்றிவிட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பான், ஆறு வயது மகள் மேனகா ஓடி வந்து பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வண்டியின் தகரத்தில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் இரு. ரெண்டு தட்டு என்றால் வைத்தாயிற்று, விடலாம். லாரிக்காரர்களின் பாஷை அது, அவன்தான் சொல்லிக் கொடுத்தான். ரெண்டு தட்டு காதில் விழுந்தால் போதும், யோசிக்காமலே அவன் வலது கால் பிரேக்கிலிருந்து எழுந்துவிடும்.

ஹேமலதாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. "புள்ளைய வண்டிக்குப் பின்னால உடாதீங்க, ஒரு நாளாப்பல ஒரு நாள் இருக்காது" என்று இன்று காலைகூடச் சொன்னாள். இனிமேல் விடமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்தான். செய்த கையோடு பஸ் ஸ்டாப்பில் மகள் அவன் சட்டையைப் பிடித்து, "புதுக் காருக்கும் நாந்தானப்பா கல்லு வெப்பேன்?" என்று கேட்டபோது, "நீதாங் கண்ணு" என்று காதில் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

செம்மேட்டில் சந்தைக் கூட்டத்துக்காக வண்டியை மெதுவாக்கினான். தூறல் விழுந்துகொண்டிருந்ததால் கண்ணாடிகளை ஏற்றியிருந்தான். பஸ் ஸ்டாண்டு ஓரம் பையோடு நின்றிருந்த மயிலாத்தாளை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. போன மாதம் மோட்டார் மாட்டியபோது காப்பி கொடுத்த அம்மாள். அவளும் காரைப் பார்த்தாள். பின்சீட்டைப் பார்த்தாள். கையிலிருந்த பை கீழே விழுந்து தக்காளி உருண்டது. அவள் ஓடி வந்தாள், செருப்பில்லாத காலோடு, வாயைத் திறந்து ஏதோ கத்திக்கொண்டு. மூடிய கண்ணாடிக்கு உள்ளே அது கேட்கவில்லை. மகன் வண்டி போகிறதே என்று அழுகிறாள் என நினைத்து, குற்ற உணர்ச்சியோடு ஆக்சிலேட்டரை மிதித்தான். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவள் நடுரோட்டில் நின்று கையை அசைத்துக்கொண்டிருந்தாள். அவனை நிறுத்தச் சொல்லும் கை இல்லை அது. விளையாடப் போன பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடுவதைப் போல, உள்ளங்கையைக் கீழே வைத்து, வா வா என்று கூப்பிட்டது.

மலையிறக்கம் தொடங்கும் இடத்தில் மஞ்சள் பலகை நின்றது: 70/70. அதற்குக் கீழே ரோடே இல்லை, வெள்ளைப் பனிமூட்டம்தான் இருந்தது. மணி மூன்றரைதான், ஆனால் விளக்குப் போட வேண்டியிருந்தது. போட்ட வெளிச்சமும் பத்தடிக்கு அப்பால் போகாமல் பனியில் முட்டித் திரும்பியது. இரண்டாவது கியரில் என்ஜினின் பிடியிலேயே இறங்கினான். சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின, இலைகளிலிருந்து சொட்டும் தண்ணீர் கூரையில் விழுந்தது, எங்கோ காப்பித் தோட்டத்தில் ஒரு நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. காருக்குள் நாள்பட்ட ரெக்சின் வாசனையும் எலிப் புழுக்கையின் வாசனையும் இருந்தன. அறுபத்தாறாவது வளைவில் மூன்றாவதாக ஒரு வாசனை சேர்ந்தது. நனைந்த மஞ்சள், சாமிக்கு அரைத்துப் பூசுகிற மஞ்சள்.

அதே வளைவில்தான் முதல் சத்தம் கேட்டது. பின்பக்கத் தகரத்தில், டிக்கி மூடியின் மேல், உள்ளங்கையால் ஒரு தட்டு.

கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றது. கண்ணாடியில் பனிமூட்டத்தைத் தவிர எதுவும் இல்லை. எதிரே வளைவைச் சுற்றி, விளக்குகூடப் போடாமல், ஒரு பஸ் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு உறுமியபடி ஏறி வந்தது. அவன் நின்றிருக்காவிட்டால் நேராக அதன் மூஞ்சியில் போயிருப்பான். பஸ் கடந்து போயிற்று. உடனே பின்னால் ரெண்டு தட்டு. போலாம். அவன் கால் எழுந்தது, வண்டி நகர்ந்தது, அதற்குப் பிறகுதான் அவனுக்கு வியர்த்தது.

சைலன்சர் தொங்கல் ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டான். நாலு வருடம் நின்ற வண்டி, ஆடத்தான் செய்யும். சொல்லிக்கொண்டே ரேடியோவைத் திருகினான். ரேடியோ இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

அறுபத்தொன்று. ஐம்பத்தெட்டு. ஐம்பத்து மூன்று. ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் ஒரு தட்டு, வளைவு தாண்டியதும் இரண்டு. பொறுமையாக, ஓட்டத் தெரியாத ஒருவருக்குச் சொல்லிக் கொடுப்பதைப் போல. நாற்பத்தெட்டில் பிரேக் கருகும் நாற்றம் உள்ளே வந்தது, நிறுத்தி ஆறவிடாமல் முடியாது. முதல் கியரில் போட்டு, அது நழுவுவதற்குள் கல்லை எடுத்துக்கொண்டு இறங்கி, முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்தான். கை ஈரமானது. பேண்டில் துடைத்தான். திரும்பவும் ஈரமாக இருந்தது. காருக்குள் ஒரு மணி நேரம் கிடந்தும் கல் காயவில்லை. பின்சீட்டில் அது இருந்த இடத்தில் மட்டும் துணி தெப்பமாக நனைந்திருந்தது.

அவன் காருக்குப் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நினைத்தான், கால் போகவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது. பகல் வேளையில், முப்பத்திரண்டு வயதில், ஒரு கல்லைப் பார்த்துப் பயமாக இருந்தது.

பத்து நிமிடம் கழித்து உள்ளே ஏறி என்ஜினைப் போட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டான். அப்போதுதான் தன் முட்டாள்தனம் புரிந்தது. கல் சக்கரத்துக்கு முன்னால் கிடக்கிறது. காலை எடுத்துவிட்டு இறங்கிப்போய் அதை எடுக்க முடியாது. கல்லை எடுத்த கணமே வண்டி உருளும். இதற்குத்தான் இரண்டாவது ஆள் வேண்டும் என்பது. சரி, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து, கல்லை ஒதுக்கி, அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடலாம். அந்த யோசனை வந்ததும் நிம்மதியாக இருந்தது.

ரெண்டு தட்டு.

கால் எழுந்துவிட்டது. வண்டி வழுக்கிக்கொண்டு முன்னால் இறங்கியது. எந்தத் தடையும் இல்லாமல். சக்கரத்துக்கு முன்னால் எதுவுமே இல்லாததைப் போல.

நாற்பத்தேழாவது வளைவில் கண்ணாடியை நிமிர்த்திப் பார்த்தான். பின்சீட்டில், நனைந்த இடத்திலேயே, கல் இருந்தது.

அதற்குப் பிறகு அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பலகைகளை மட்டும் பார்த்தான். நாற்பத்து மூன்று. தட்டு. நாற்பது. தட்டு. முப்பத்தாறு. முப்பத்து மூன்றில் மலையிலிருந்து தண்ணீர் விழும் அகலமான இடத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர் மாணிக்கம், ஊர் லாரி ஸ்டாண்டுக்காரர், அன்னாசி ஏற்ற மேலே போகிறவர். மனித முகத்தைப் பார்த்ததும் சுரேந்தருக்கு அழுகையே வந்தது. இறக்கத்தில் நிற்காமல் பக்கத்து மண் மேட்டில் சக்கரத்தை முட்டவிட்டு இறங்கினான்.

மாணிக்கம் காரைப் பார்த்துக் குடத்தைக் கீழே வைத்தார்.

"ஏஞ்சாமி, இது வெங்கிடுசாமியூட்டு வண்டியாச்சே."

"வாங்கியிருக்கறனுங்கண்ணா."

"கோகுல்நாத்து விசயம் சொன்னாருங்களா?"

சுரேந்தர் இல்லை என்று தலையாட்டினான். மாணிக்கம் ஒரு பீடியை எடுத்தார், பற்ற வைக்கவில்லை.

"இதே வளைவுதான். அப்பாவுக்கு வண்டி பழக்கறேன்னு ஏத்தத்துல ஓட்ட உட்டான் அந்தப் பையன். வண்டி நின்னு போச்சு, பின்னால உருள ஆரம்பிச்சுது. பிரேக்கை மிதிச்சுட்டே இருங்கப்பா, நான் கல்லு வெச்சுட்டு ரெண்டு தட்டு தட்டறேன், அப்பறமா உடுங்கன்னு சொல்லீட்டு எறங்கிப் பின்னால போனான்."

தண்ணீர் குடத்தில் நிரம்பி வழிந்தது.

"ரெண்டு தட்டு கேட்டுது, அதனாலதான் உட்டேன்னு அவரு இன்னைக்கும் சொல்லுவாரு. ஆனா நாங்க வந்து பாத்தப்ப கல்லு அந்தப் பையன் கையிலயே இருந்துச்சுங்க. அவன் வெக்கவே இல்லை. தட்டவும் இல்லை."

சுரேந்தர் காரின் பின்சீட்டைக் காட்டினான். மாணிக்கம் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அது என்னவென்று சுரேந்தருக்கும் தெரியும். ரோட்டில் செத்தவர்களை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவதில்லை. வீட்டு ஆட்கள் போய், செத்த இடத்தில் ஒரு கல்லை எடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். தினம் தண்ணீர் ஊற்றி மஞ்சள் வைப்பார்கள். அவனுடைய சித்தப்பாவுக்கே அவர்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கல் இருக்கிறது. மயிலாத்தாள் தன் மகனைக் கூட்டிவந்து, அவனுக்குப் பிடித்த காருக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

"கேட்டு எடுத்தீங்களா, அவரு குடுத்தாருங்களா?" என்றார் மாணிக்கம்.

"நானாத்தாங் கேட்டேன்."

"அப்ப அவன் உங்க கூடத்தான் வருவான். திருப்பிக் கொண்டுபோய் அந்தம்மா கையில குடுத்துருங்க சாமி. நான் மெதுவாப் போறேன், என்ர பின்னாலயே வாங்க."

"நீங்க கொண்டுபோங்கண்ணா. லாரியில போட்டுக்குங்க."

"நான் தொடமாட்டேன். எடுத்த கைதான் கொண்டுபோய் வெக்கோணும்."

சரி வருகிறேன் என்று சுரேந்தர் சொன்னான். லாரி உறுமிக்கொண்டு பனிக்குள் ஏறி மறைந்தது. அவன் அசையாமல் நின்றான். முப்பத்தேழு வளைவு மேலே ஏற வேண்டும், பிடிக்காத ஹேண்ட் பிரேக்கோடு. மேலே போனால் மயிலாத்தாள் காரின் குறுக்கே படுத்துவிடுவாள், கல்லோடு காரும் போய்விடும். ஆறு வருட ஆசை. ஆனால் கீழே, வீட்டில், இந்நேரம் மேனகா வாசலில் காத்துக்கொண்டிருப்பாள், தன் கல்லோடு. அவளுக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுபோய் வைக்க முடியாது. காரும் வேண்டும், இதுவும் வரக்கூடாது. கணக்கு சுலபமாக இருந்தது.

கல்லைத் தூக்கிக்கொண்டு தடுப்புச் சுவர் வரை போனான். கனம் கையை அறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்தில் வீசினான். அது எதன் மேலாவது மோதும் சத்தத்துக்காகக் காத்திருந்தான். சத்தம் வரவே இல்லை, பனி அதை வாங்கி வைத்துக்கொண்டது.

முப்பத்திரண்டாவது வளைவில் தட்டு இல்லை. முப்பதில் இல்லை. இருபத்தைந்தில் பனி விலகி, அடிவாரத்து மரவள்ளிக் காடுகளும் செங்கல் சூளைப் புகையும் தெரிந்தன. மஞ்சள் வாசனை போய்விட்டது. சுரேந்தர் ஜன்னலை இறக்கிவிட்டுச் சத்தமாக மூச்சு விட்டான். பிறகு காரை ஓட்டினான், அன்று முதல் முறையாக நிஜமாகவே ஓட்டினான். இரண்டில் இழுத்து மூன்றில் விட்டால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. பத்திரிகையில் எழுதியிருந்தது அத்தனையும் உண்மை. கதவுக்கு எந்தச் சிவப்பு அடிப்பது, சீட்டுக்கு என்ன துணி தைப்பது என்று ஒன்றாவது வளைவுக்குள் முடிவு செய்துவிட்டான். அடிவாரத்தில் டீ குடித்தபோது ஒரு ஆள் காரைச் சுற்றி வந்து பார்த்து, "நல்ல வண்டிங்க" என்றார். அவனுக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

வீட்டை நெருங்கும்போது மணி ஆறு தாண்டியிருந்தது, ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. தினம் ஆறிலிருந்து ஏழு வரை மின்வெட்டு. பேட்டரி ஏறாததால் முகப்பு விளக்குகள் தீக்குச்சி வெளிச்சத்துக்கு மங்கியிருந்தன. சரிவில் திருப்பி ஏற்றினான். முன்பக்கம் மாட்டுக் கொட்டகைச் சுவரைத் தொட்டதும் என்ஜின் ஒரு முறை குலுங்கி நின்றது. சாவியைத் திருப்பினான். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹார்ன் ஈனமாக முனகி அடங்கியது. முதல் கியரில் போட்டான், நழுவியது. ஹேண்ட் பிரேக் சும்மா வந்தது. பரவாயில்லை, கால் பிரேக் இருக்கிறது. மிதித்துக்கொண்டு, "ஹேமா" என்று கூப்பிட்டான்.

கொலுசுச் சத்தம் ஓடி வந்தது.

"அம்மா சொசைட்டிக்குப் பாலு ஊத்தப் போயிருக்குதுப்பா. நான் கல்லு வெக்கறேன்."

"வேண்டாங் கண்ணு. நீ திண்டு மேல ஏறி நில்லு. அம்மா வரட்டும்."

கொலுசு நிற்கவில்லை. காரைச் சுற்றிப் பின்னால் போயிற்று. கண்ணாடியில் இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை, அவள் உயரம் பின்கண்ணாடிக்கு எட்டாது.

"மேனகா, பின்னால போகாத. முன்னால வா சாமி."

"கல்லு நீங்களே கொண்டாந்துட்டீங்களாப்பா?" அவள் குரல் சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து, தாழ்வாக, குத்துக்கால் போட்டு உட்கார்ந்த இடத்திலிருந்து வந்தது. "ஈரமா இருக்குது."

மஞ்சள் வாசனை.

அவன் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தான். கதவைத் திறந்து குதிக்க முடியாது. காலை எடுத்தால் வண்டி அவள் மேல் உருளும். இரண்டு கால்களையும் பெடலில் வைத்தான். "கண்ணு, அந்தக் கல்லைத் தொடாத. எந்திரிச்சு அந்தப் பக்கம் ஓடு. அப்பா சொல்றேனில்ல." ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். ஒரு சைக்கிள்கூட இல்லை.

"இருங்கப்பா" என்றாள் அவள். பிறகு அவனிடம் இல்லாமல், வேறு யாரிடமோ, கொஞ்சம் கோபமாக, "நீங்க தட்டாதீங்க. நாந்தான் தட்டுவேன்" என்றாள்.

யாரோ அதற்கு மெதுவாகப் பதில் சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. மேனகா சிரித்தாள்.

இடது கால் பெடலிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. வலது காலின் தொடை நடுங்க ஆரம்பித்தது. கொட்டகை வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், நான்கு வருடம் தரையை அழுத்திக்கொண்டிருந்த காலை அவன் நினைத்தான். இன்றைக்குத்தான் அது ஓய்ந்தது. அவன்தான் ஓய வைத்தான்.

தட்டு. தட்டு.

டிக்கி மூடியின் மேல், உயரத்தில். குழந்தையின் கை அங்கே எட்டாது.

பிறகு கீழே, பம்பரின் மேல், சின்னக் கையால், ரெண்டு தட்டு.

வைத்தாயிற்று, விடலாம். வைத்தாளா? அவள் கையில் இன்னும் இருக்கிறதா? அவன் கேட்டான். பதில் வரவில்லை, மறுபடியும் ரெண்டு தட்டு வந்தது, உயரத்திலும் தாழ்விலும் ஒரே நேரத்தில். ரெண்டு தட்டுக்குப் பழகிய கால், யாரையும் கேட்காமல், பெடலிலிருந்து ஒரு நூல் அளவு எழுந்தது. கார் ஒரு நூல் பின்னால் நகர்ந்தது. சுரேந்தர் இரண்டு கைகளாலும் தன் முழங்காலைப் பிடித்துக் கீழே அழுத்தினான், உடம்பு முழுக்க அதன் மேல் கவிழ்ந்து அழுத்தினான். பின்னால் அவர்கள் பொறுமையாகத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.